தேரிக்காட்டில் அட்வெந்து

எங்கள் பக்கம் டிசம்பர் சபையின் மாதமானதற்கு முதல் காரணம் பனைமரம். மாசி பங்குனியில் பாளை விட்டால் ஆவணி வரைக்கும் பனையேறியின் நாள் மரத்தில்தான் கழியும். காலையில் ஒரு ஏற்றம், மாலையில் ஒரு ஏற்றம். இடையில் வீட்டுப் பெண்கள் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் கருப்பட்டி ஊற்றியாக வேண்டும். பலர் குடும்பத்தோடு வேறு விளைகளுக்குப் போய் ஓலைக்குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கும்போது தொழில் நின்றிருக்கும்; ஊர் முழுக்க வீட்டில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமாக, நவம்பர் 30 அந்திரேயா நாளை ஒட்டி வரும் ஞாயிற்றில் தொடங்கும் அட்வெந்து சரியாக அந்த இடைவெளியில் வந்து விழுந்தது. ஆங்கிலேயர் நாட்டில் குளிருக்குள் ஒடுங்கிக் காத்திருக்கும் காலம் அது. எங்களுக்கோ ஊர் கூடும் காலம்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் தெரியும் தூரத்தில் இருக்கிறது. அப்பா உபதேசியார். ஆகவே சபையின் வருஷம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கமாகவே இருந்தது. பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருஷ முறை இங்கே எப்படி ஊன்றியது என்று தேடிப் படித்து வருகிறேன்.

நாட்காட்டி வந்த வழி நேரானது அல்ல. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பிரஷ்ய நாட்டவர், லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர்; ஆனால் சம்பளம் கொடுத்தது ஆங்கிலேயரின் சர்ச் மிஷனெரி சங்கம். குருப்பட்ட முறையில் சங்கத்தோடு முரண்பட்டு 1835-ல் பிரிந்தார், 1838-ல் மறைந்தார். அதற்குப் பிறகு ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப்புத்தகமே இங்கே சட்டமானது. அதைத் தமிழாக்கியவர் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து சேர்ந்த ராட்லர். செடிகொடி ஆராய்ச்சியிலும் பேர் வாங்கிய மனிதர். அட்வெந்து லுத்தரன்களுக்கும் உண்டு, ஆங்கிலத் திருச்சபைக்கும் உண்டு. அதனால் சண்டை எதில் நடந்தாலும் நான்கு ஞாயிறுகள் தப்பித்தன. தெற்கே நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் சபைகளில் இந்த நாட்காட்டிக்கு அவ்வளவு அழுத்தம் இருந்ததில்லை. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி எல்லோரும் ஒரே குடையின் கீழ் வந்த பிறகுதான் அங்கேயும் இங்கேயும் ஒரே ஒழுங்கு.

அந்தப் பழைய ஜெபப்புத்தகம் வைத்திருந்த சுவிசேஷப் பகுதிகள் எனக்கு இன்னும் முக்கியமானவை. முதல் ஞாயிற்றில் இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வருவதைப் படிப்பார்கள். நாங்களோ குருத்தோலை ஞாயிற்றில்தான் பனங்குருத்தைக் கையில் பிடித்து ஊர் சுற்றுகிறவர்கள். ஆக, ஒரே வருகை எங்களுக்கு வருஷத்தில் இரண்டு முறை. இரண்டாம் ஞாயிற்றில் லூக்கா 21: சூரிய சந்திரரில் அடையாளங்கள், கடலின் முழக்கம். அன்றைய ஜெபம் வேதவாக்கியத்தைப் பற்றியது என்பதால் அதை வேதாகம ஞாயிறு என்றும் கொண்டாடுவார்கள். மூன்றாவதில் சிறையில் கிடக்கும் யோவான்ஸ்நானன், வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கிறார். நான்காவதில் அதே யோவான், நான் கிறிஸ்து அல்ல என்று சொல்கிறார்.

கடல் முழக்கம் என்பது வடகிழக்குப் பருவமழைக் கரையில் வாழ்கிறவனுக்கு வெறும் உவமை இல்லை. வேல்ஸ் நாட்டுக்காரர் ஜான் தாமஸ் மெஞ்ஞானபுரத்தில் ஊழியம் செய்தபோது 1845-ல் அடித்த புயல் அங்கிருந்த கோயிலைச் சாய்த்தது. புதிய கற்கோயில் 1847-ல் ஆராதனைக்குத் திறக்கப்பட்டது. அதன் கூர்ங்கோபுரம் 192 அடி. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதும் அட்வெந்தின் கடைசி வாரத்தில்தான். அப்பா இரண்டாம் ஞாயிறு பிரசங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் தனுஷ்கோடியைச் சொல்லாமல் இறங்க மாட்டார்.

புத்தகம் தந்தது இவ்வளவுதான்: நான்கு ஞாயிறு, நான்கு ஜெபம், ஊதா நிறத் துணி. மீதியை ஊர் போட்டுக்கொண்டது. அதில் முதலாவது பஜனை. விடியற்காலை நாலு மணிக்குக் கோயில் முற்றத்தில் கூடுவோம். ஒருவர் தலையில் பெட்ரோமாக்ஸ், இன்னொருவர் கழுத்தில் ஆர்மோனியம், டோலக், சின்னப் பையன்கள் கையில் சிங்கி. தேரி மணலில் எவ்வளவு மழை பெய்தாலும் சேறு ஆகாது, தண்ணீர் அப்படியே இறங்கிவிடும். அதனால் ஈரச் செம்மணலில் வெறுங்காலோடு தெருத் தெருவாகப் பாடிக்கொண்டே போகலாம். மார்கழி இருட்டில் அடுத்த ஊர்க் கோயிலில் திருப்பாவை ஒலிபெருக்கியில் கேட்கும். இந்தப் பாட்டு நடையை எங்கள் முன்னோர் பெத்லகேமில் இருந்து கற்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்துதான் கற்றார்கள் என்பது என் முடிவு. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கல்யாணமும் அப்படித்தான். பக்கத்துத் தெரு இந்துக்கள் மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை; எங்கள் கோயிலில் அட்வெந்து நாட்களில் கல்யாண ஓலை வாசிப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் சமையல்காரர் ஒருவரே என்பதால் அவருக்கு இது வசதி.

பாட்டு என்றால் கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனெரி சுவார்ச் ஐயரோடு தஞ்சைக்குப் போனவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதியவர். அவருடைய பாட்டுகள் பலவற்றை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் திரட்டி 1853-ல் கீர்த்தனைப் புத்தகமாக அச்சிட்ட பிறகு, தஞ்சாவூர்ச் சொத்து தமிழ்நாட்டுச் சபைகளின் பொதுச் சொத்தானது. பாமாலை மெட்டுகள் ஐரோப்பாவின் மெட்டுகள். அவற்றை உட்கார்ந்து ஆர்கனோடு பாட வேண்டும். நடந்துகொண்டே பாடக் கீர்த்தனைதான் வசதி. இதை நான் மனதார நேசிக்கிறேன். ஆனால் சாஸ்திரியாரைப் பற்றிப் பேசும்போது பாதியை மறைப்பது எனக்குப் பிடிக்காது. சபையில் சாதி வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று 1833-ல் பேராயர் வில்சன் கட்டளையிட்டார். தஞ்சைச் சபை அதை எதிர்த்தபோது, பழைய வழக்கத்தின் பக்கம் நின்றவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். தனி இருக்கை, தனிப் பாத்திரம் என்பதுதான் அன்று வழக்கு. அவர் பாட்டைப் பாடிக்கொண்டே இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சபைகள் இந்தக் குற்றத்துக்கு வெளியே இருந்ததாக யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. 1799-ல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று முதலூரை உண்டாக்கினார். 1830-ல் ரேனியஸ் தர்ம சங்கம் தொடங்கி, துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கிப் புதிய ஊர்களைக் கட்டினார். கடாட்சபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம் என்று பெயரெல்லாம் பிறந்த காலம் அது. அடிபட்டவர்களுக்கு அடைக்கலமாக எழுந்த ஊர்கள். ஆனால் ஊர்கள் பெரும்பாலும் ஒரே சாதி ஊர்களாகவே நின்றுவிட்டன. ஒரே பந்தியில் உட்காருவது எங்களுக்குச் சுலபமாக இருந்ததற்குக் காரணம், பந்தியில் வேறு ஆள் இல்லாததுதான்.

அட்வெந்தில் சபையைத் தாங்கியது கைப்பிடி அரிசி. உலை வைக்கும் ஒவ்வொரு முறையும், பானையில் போடும் அரிசியில் இருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைக்கொட்டானில் கொண்டுவந்து கோயில் வாசல் பெட்டியில் கொட்டுவாள். எங்கள் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். பார்த்தால் பிடி சின்னதாகிவிடுமாம். பஞ்ச வருஷத்திலும் இது நின்றதில்லை என்பது ஆச்சியின் பெருமை. சேர்ந்த அரிசியை ஏலம் விட்டுப் பணமாக்குவார்கள். அந்தப் பணத்தில் உபதேசியார் சம்பளம், விளக்கெண்ணெய், கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலை. மிசோரமிலும் சபைப் பெண்கள் 1910 முதல் இதே வேலையைச் செய்து வருகிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1903-ல் மற்றவர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1912-ல் அவர் டோர்னக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலத் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எதை எதையோ சொல்கிறார்கள். தங்கள் சபையைத் தாங்களே கைப்பிடியாகச் சுமந்த பெண்களின் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு அது வராமல் எப்படி இருக்கும்?

கோயிலுக்கு வெள்ளையடிப்பது இரண்டாம் வாரம். சிப்பிச் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் புகையும். பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, நசுக்கிய மட்டையால் பூசுவார்கள். கூலி கிடையாது, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சுவர். மூன்றாம் வாரம் பலகாரம். அச்சுமுறுக்கு இரும்பு ஊரில் நாலைந்து வீட்டில்தான் இருக்கும். இரும்பு வீடு வீடாகப் போகும், அதோடு அதைப் பிடிக்கத் தெரிந்த அத்தையும் போவார். மூங்கில் சீவி, கண்ணாடித்தாள் ஒட்டிக் கட்டும் நட்சத்திரமும் அப்போதுதான். நான்கு மெழுகுவர்த்தி வைத்த அட்வெந்து வளையம் எங்கள் கோயிலுக்கு மிகவும் பிந்தியே வந்தது. அது 1839-ல் ஹாம்பர்க் நகரத்தில் விக்கர்ன் என்ற போதகர், ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் என்று நச்சரித்ததால் வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்தி வைத்து எண்ண வைத்தது. நல்ல கதை, நல்ல வழக்கம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சபை கூடி உண்ணும் அசனம் எங்களுக்கு டிசம்பரில் கிடையாது, பிரதிஷ்டைப் பண்டிகையில்தான். நேர்ந்துவிட்ட ஆடுகளை அடித்து, ஆள் நின்று குளிக்கலாம் போன்ற வார்ப்புகளில் கறி வேகும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலையாகக் கொட்டுவார்கள். வார்ப்புகள் மீதி நாளெல்லாம் கோயில் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும்.

2023-ல் அவை அட்வெந்தில் நிமிர்ந்தன. டிசம்பர் 17, மூன்றாம் ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷ மழையை விட அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை மீறியது, சாலையும் கரண்டும் போனின் சத்தமும் ஒன்றாக நின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். எங்கள் ஊர் மேட்டு மணலில் இருந்ததால் தப்பியது. பள்ளத்தில் இருந்த தெருக்காரர்கள், நாங்கள் இதுவரை கோயில் வளவுக்குள் அழைத்திராத தெருக்காரர்கள், நனைந்த பிள்ளைகளோடு ஏறி வந்தார்கள்.

யாரும் கமிட்டி கூட்டவில்லை. “வார்ப்பை இறக்குங்கல, எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கிய?” என்று சமையல்காரப் பெரியப்பா ஒரு சத்தம் போட்டார். கைப்பிடி அரிசிப் பெட்டியைத் திறந்தோம். விறகு நனைந்திருந்ததால் பனைமட்டையையும், மேல்தளத்தில் உலர்ந்து கிடந்த சில்லாட்டையையும் எரித்தோம். பஜனைக்கு வாங்கிய சுக்கும் கருப்பட்டியும் காப்பியானது. பந்தி கோயிலுக்குள்ளேயே நடந்தது, வெளியே நனையாத இடம் இல்லை. நான்கு நாள், இரண்டு வேளை. என் அறுபத்து மூன்று வயதில் எங்கள் கோயிலில் வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். 190 வருஷத்துக்கு முந்தைய வில்சன் கட்டளை எங்கள் ஊரில் மழை பெய்து நிறைவேறியது.

தண்ணீர் வடிந்த பிறகு சபைக் கூட்டத்தில் கேட்டேன்: இதை வருஷா வருஷம் வைத்தால் என்ன? எதிர்ப்பு வந்தது. அசனம் பிரதிஷ்டைக்கு மட்டும்தான், அட்வெந்து ஆயத்தத்தின் காலம், விருந்தின் காலம் இல்லை என்றார்கள். படித்தவர்கள் சொன்ன அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆறாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸ் பகுதியான கால் (Gaul) நாட்டில் மார்ட்டின் நாளில் இருந்து கிறிஸ்துமஸ் வரை உபவாசம் இருந்திருக்கிறார்கள். மலபாரில் சுரியானி கிறிஸ்தவர்கள் இன்றும் இருபத்தைந்து நாள் நோன்பு இருக்கிறார்கள். நான் சொன்னேன், அப்படியானால் நாம் கறியை விடுவோம், பள்ளத்துத் தெருக்காரர்களை விட வேண்டாம். இரண்டு கூட்டம் இழுத்து மூன்றாம் கூட்டத்தில் சபைப் போதகர் ஒத்துக்கொண்டார்.

2024 முதல் இந்தப் பந்தி அட்வெந்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை நடக்கிறது. சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, பனங்கிழங்கு. கைப்பிடி அரிசி ஏலத்துக்குப் போவதில்லை, வார்ப்புக்குப் போகிறது. பள்ளத்துத் தெருவில் இருந்து காய் நறுக்க ஆறு பெண்கள் வருகிறார்கள். போன வருஷம் அரிசி போதவில்லை, கடையில் இரண்டு மூட்டை கடன் வாங்கினோம். கடனை ஈஸ்டருக்குள் அடைத்துவிட்டோம்.