திசை மாறும் கடல்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் உருவாகும் கார்களில் ஒரு பகுதி எண்ணூரிலிருந்து கப்பலேறுகிறது. அத்தொழிற்சாலைகளின் வரலாற்றைப் பேசும் நாம், அக்கப்பல்களைத் தாங்கும் நீரின் வரலாற்றைப் பேசுவதில்லை.

சோழமண்டலக் கரையை ஒட்டிய நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவது. பிப்ரவரி வாக்கில் வடக்கே திரும்பி, மார்ச், ஏப்ரலில் வலுப்பெறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடும். பாய்மரக் கப்பலோட்டிகள் இதனை அறிந்திருந்தனர். கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு கணித்த இடத்திற்கும், விண்மீன்களை நோக்கி உறுதிசெய்த இடத்திற்கும் இடையிலான விலகலே அவர்களுக்கு நீரோட்டத்தின் அளவு. அத்தகைய குறிப்புகளைத் திரட்டியே பழைய நீரோட்ட வரைபடங்கள் வரையப்பட்டன.

ஆயினும் ஒரு வினா எஞ்சியது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குமுன்பே வடக்கு நோக்கிய ஓட்டம் உச்சமடைவது ஏன்? 1990களின் ஆய்வுகள் விடையளித்தன. கரையில் வீசும் காற்று மட்டும் காரணமன்று. வங்கக்கடலின் நடுவில் வீசும் காற்றும், நிலநடுக்கோட்டருகே வீசும் காற்றும் சேர்ந்தே இதனை இயக்குகின்றன. நிலநடுக்கோட்டில் எழும் அலை, விரிகுடாவின் கிழக்குக் கரையைச் சுற்றி, வடக்கே வளைந்து, நம் கரைக்கு வந்து சேருகிறது.

இதனை ஆழத்திலும் அளக்க, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 2009 முதல் கடலூர், காக்கிநாடா, விசாகப்பட்டினம், கோபால்பூர் கரைகளுக்கு அப்பால் கண்டச்சரிவில் கருவிகளை நங்கூரமிட்டு நிறுத்தியது. கருவி ஒலியை அனுப்பும். நீரில் மிதக்கும் சிற்றுயிர்கள் அதனை எதிரொலிக்கும். எதிரொலியின் சுருதி மாற்றத்திலிருந்து ஒவ்வோர் ஆழத்தின் வேகமும் தெரியவரும். மேலே ஒரு திசையிலும் கீழே எதிர்த்திசையிலும் நீர் ஓடும் காலங்களும் பதிவாயின.

இந்த அறிவின் பயன் என்ன? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் தெற்கே பரவி மெரினாவையும் கடந்தது. மனிதர்கள் வாளிகளால் அள்ளினர். சில வாரங்கள் கழித்து அவ்விபத்து நேர்ந்திருப்பின், வடக்கே திரும்பிய நீரோட்டம் அதனைப் பழவேற்காட்டுப் பக்கம் கொண்டு சென்றிருக்கக்கூடும். எண்ணெய் எக்கரையை அடையும் என்பதை முன்னறிய வேண்டுமெனில், நீரை அன்றாடம் அளந்துகொண்டிருக்க வேண்டும். விபத்துக்குப் பின் தொடங்கும் அளவை அன்றைய கரையைக் காப்பதில்லை.