யானைக்கால் மாத்திரையும் எல்லாப்பிரகட சுப்பாராவும்

பனமலைக் குன்றின் மேல் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலையும் அங்குள்ள சுவரோவியத்தையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். பனமலை, செஞ்சி, மயிலம், திண்டிவனம், விழுப்புரம் என்று நாம் வாழும் இந்தப் பகுதிக்கு, கல்வெட்டில் இடம்பெறாத இன்னொரு வரலாறும் உண்டு. வெகுகாலம் யானைக்கால் நோய் பரவியிருந்த மாவட்டம் இது.

ஒரு கால் மட்டும் தூண் போல வீங்கி, தோல் தடித்து, செருப்புப் போட முடியாமல் நடந்த பெரியவர்களை நம் குடியிருப்பில் 50 வயதைத் தாண்டியவர்கள் சிறு வயதில் பார்த்திருப்பார்கள். அதற்கு அடுத்த தலைமுறையினர், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்து, "இப்பவே, எங்க முன்னாடியே முழுங்குங்க" என்று சொன்னதைப் பார்த்திருப்பார்கள். அந்த மாத்திரையின் பெயர் டையெத்தில்கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி. அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர் சென்னையில் படித்த ஒரு மருத்துவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இந்த இதழின் வரலாற்றுப் பக்கம் அவருக்கானது.

சென்னையில் தொடங்கிய படிப்பு

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் முதலில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று அவருடைய படிப்பு சென்னையில் நடந்தது. காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் அவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அந்த ஆண்டுகளிலேயே வீட்டில் பேரிடி விழுந்தது. அவருடைய அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்தார்கள். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாமல் போகும், ரத்தம் குறையும், ஆள் மெலிந்துகொண்டே போவார். அன்று அதற்குச் சரியான மருந்து கிடையாது.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் உடற்கூறியல் கற்பித்த சுப்பாராவ், 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். பயணத்துக்கு மாமனார் வீடும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையும் உதவின. அங்கே கையில் பணம் இல்லாததால் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை வரை செய்தபடி ஹார்வர்டில் படித்தார். மனைவி சேஷகிரியை அதன் பிறகு அவர் பார்க்கவே இல்லை. அவர் கிளம்பிய பின் பிறந்த மகன், ஒரு வயது நிறையும் முன்பே இறந்துபோனான். சுப்பாராவ் ஊர் திரும்பவில்லை.

நீல நிறத்தில் ஒரு கணக்கு

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று எளிதாக அளப்பதுதான் அவருடைய முதல் பெரிய வேலை. மாலிப்டேட் உப்பையும் இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்தால் திரவம் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். 1925-ல் வெளிவந்த இந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அளக்க வழி கிடைத்ததும் அடுத்த கதவு திறந்தது. தசையில் இருக்கும் பாஸ்பரஸ் எந்தப் பொருளோடு சேர்ந்திருக்கிறது என்று தேடி, 1927-ல் பாஸ்போகிரியேட்டினைக் கண்டுபிடித்தார்கள். ஜிம்முக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் டப்பா டப்பாவாக வாங்கும் கிரியேட்டின் பவுடருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையிலிருந்து பிரித்தார்கள். உயிரணுக்கள் தமக்கு வேண்டிய சக்தியைச் செலவழிக்கும் சில்லறைக் காசு அதுதான். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார். பத்தாம் வகுப்பிலிருந்து நம் பிள்ளைகள் படிக்கும் ஏ.டி.பி.க்குப் பின்னால், திருவல்லிக்கேணியில் படித்தவரின் கையும் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

எட்டு ஆண்டுகளில் நான்கு மருந்துகள்

1930 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மும்பையில் கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் ஒரு வகை ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அது குணமாவதைப் பார்த்தார். ஈஸ்டில் இருக்கும் அந்தச் சத்து எது என்பது தெரியவில்லை. 1945-ல் சுப்பாராவின் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தது. அதுதான் ஃபோலிக் அமிலம். அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கும் அது பலன் தந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது.

அடுத்தது ஃபோலிக் அமிலத்தின் போலி. செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. புற்றுநோய்ச் செல்கள் மிக வேகமாகப் பெருகுபவை. ஃபோலிக் அமிலம் போலவே தோன்றி, அதன் இடத்தில் போய் உட்கார்ந்து வேலையைத் தடுக்கும் பொருள்களை அவருடைய குழு தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948-ல் வெளிவந்த இந்த முடிவு புற்றுநோய் மருந்து சிகிச்சையின் தொடக்கங்களில் ஒன்று. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும், முடக்குவாதத்துக்கும், சொரியாசிஸுக்கும் தரப்படுகிறது. மருந்துக் கடைச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தவர்கள் நம்மிடையேயும் இருப்பார்கள்.

மூன்றாவது, பெஞ்சமின் டக்கர் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையின் முதல் ஆன்டிபயாடிக் அது.

நான்காவதுதான் நம் ஊருக்கு வந்த டி.இ.சி. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் நோய்க் கிருமி தொற்றியது. மருந்து தேடும் வேலை லெடர்லேயில் தொடங்கியது. ஹெவிட், குஷ்னர் முதலானோர் பருத்தி எலிகளின் உடலில் வாழும் இதே வகைப் புழுவின் மீது பல பொருள்களைச் சோதித்தார்கள். கடைசியில் தேறியது டி.இ.சி. 1947-ல் முடிவுகள் வெளியாயின.

அடுத்த ஆண்டு, 1948 ஆகஸ்டில், மாரடைப்பால் சுப்பாராவ் இறந்தார். வயது 53. அவரைப் பற்றி ஊரில் அதிகம் பேசப்படவில்லை. இந்திய அஞ்சல் துறை அவருடைய நூற்றாண்டான 1995-ல் தபால்தலை வெளியிட்டது.

நோய் இல்லாதவருக்கும் மாத்திரை ஏன்?

யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. கியூலக்ஸ் கொசு வழியாக அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் சில ஆண்டுகள் வாழும். அவை இடும் குட்டிகள் இரவில் மட்டும் ரத்தத்தில் வெளியே வரும். ரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் ராத்திரியில் வந்ததற்கு இதுதான் காரணம்.

டி.இ.சி. முக்கியமாகக் குட்டிகளைக் கொல்கிறது. பெரிய புழுக்கள் எல்லாம் சாவதில்லை. ஆகவே அவை வயதாகிச் சாகும்வரை, வருடத்துக்கு ஒரு முறை, பல வருடம், ஊரே விழுங்க வேண்டும். கால் வீங்காத பலர் ரத்தத்திலும் குட்டிகள் இருக்கும். கொசு அவர்களிடமிருந்தும் எடுத்துப் போகும். மொத்த மக்களில் குறைந்தது 65 சதவீதம் பேராவது விழுங்கினால்தான் பரவல் அறும். பெரியவர்களுக்கு 100 மி.கி. மாத்திரை மூன்று, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கடும் நோய் உள்ளவர்களுக்கும் கிடையாது.

மாத்திரை போட்டதும் காய்ச்சல், தலைவலி வந்தவர்கள் பயந்தார்கள். பலர் வாங்கி மாடத்தில் வைத்துவிட்டார்கள். உண்மையில் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் உள்ளே குட்டிகள் சாவதால் வருவது. இந்த விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு.

புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலேயே வருடா வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அடியோடு மறையவில்லை. உலக அளவில் இந்த நோயை ஒழிக்கும் திட்டத்துக்குப் பயன்பட்ட பாடங்களில் நம் மாவட்டத்தின் பாடமும் ஒன்று. 2004 முதல் நாடு தழுவிய அளவில் மாத்திரை வழங்கப்பட்டது. சீனா டி.இ.சி. கலந்த உப்பையும் பயன்படுத்தி நோயை ஒழித்தது. இந்தியா 2027-க்குள் ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது.

வீங்கிய கால்களை நம் பிள்ளைகள் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. அதனாலேயே இது எளிதாக மறந்துபோகும் வெற்றி. நோய் இன்னும் உள்ள மாநிலங்களிலிருந்து விழுப்புரம் ஜங்ஷனுக்கு ரயில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கியூலக்ஸ் கொசுவும் எங்கும் போகவில்லை. அது முட்டையிடுவது அழுக்குத் தண்ணீரில், குறிப்பாகச் செப்டிக் டேங்கிலும் தேங்கிய சாக்கடையிலும்.

சுப்பாராவின் ஆய்வுக்கூடம் செய்ய வேண்டியதைச் செய்தது. மீதி வேலை நம் கையில். நம் குடியிருப்பில் ஒவ்வொரு பிளாக்கிலும் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் உச்சியில் கொசுவலை கட்டியிருக்கிறதா, மூடிப் பலகைகளின் இடுக்கு சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறதா என்று இந்த வாரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வலை கிழிந்திருந்தால் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். வலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இனி எப்போதாவது மாத்திரையோடு யாராவது கதவைத் தட்டினால், சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் முன்னாலேயே விழுங்கிவிடுங்கள்.