இரட்டித்த மெய்யும் நடுங்கும் விரலும்: மாற்றுத்திறனாளி மாணவர்க்குத் தமிழ்த் தட்டச்சு கற்பித்தல்

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தட்டச்சுப் பயிற்சியைத் தமிழ் விசைப்பலகையிலிருந்தே வகுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆங்கிலத்துக்கென அமைந்த உத்திகளை அப்படியே கொண்டுவந்தால் சில கைகொடுக்கும். வேறு சிலவோ மாணவரின் எழுத்தையே கெடுத்துவிடும். எடுத்துக்காட்டாக, வீரசோழன் என்ற ஊர் திருச்சுழி வட்டத்தின் வானம் பார்த்த பூமியில் இருக்கிறது. விலைகூடிய தனிக்கருவிகளை நம்பி இத்தகைய ஊருக்குப் பாடம் அமைக்க முடியாது. பள்ளியில் இருக்கும் சாதாரணக் கணினியே போதும் என்ற நிலையிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அதற்கு இடம் தருகிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். அ, இ, உ நடுவரிசையில் இருக்க, அவற்றின் நெடில்கள் நேர் மேலே நிற்கின்றன. விரல் தடவி உணரும் மேடுகள் புள்ளியிலும் பகரத்திலும் விழுகின்றன. பார்வையற்ற மாணவருக்கு இது பெரிய வரம். 2006-இல் தொடங்கிய, விலையில்லாத என்விடிஏ திரைவாசிப்பான் தமிழையும் பேசும்.

கைநடுக்கம் உள்ளவருக்குத்தான் சிக்கல். ஒரே விசை தவறி இருமுறை விழுவதைத் தடுக்க, விண்டோஸில் ஃபில்டர் கீஸ் வசதியின் கீழ் ஓர் அமைப்பு உண்டு. விரைந்து விழும் இரண்டாம் தட்டலை அது விட்டுவிடும். தமிழ்99-இலோ மெய் இரட்டிப்பதற்கு அதே விசையைத்தான் இருமுறை தட்டுகிறோம். புள்ளி தானாக விழும். ஆகவே மாணவர் ‘பாட்டி’ என்று அடித்தால் திரையில் ‘பாடி’ வருகிறது. அந்த அமைப்பு இல்லாமல் விரல் விசைமேல் தங்கிவிட்டால் ‘படம்’ ‘பட்டம்’ ஆகிறது. இரண்டையும் ஒற்றுப்பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர், இலக்கணம் அறிந்த பிள்ளையை அறியாதவராக்கிவிடுகிறார். இந்த அநியாயத்தைச் சிறு விஷயமென்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

வழி இருக்கிறது. விசை திரும்பத் திரும்ப விழும் அமைப்பை நிறுத்திவிட்டு, சற்று அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து விழும்படி வைக்கலாம். இரண்டாம் தட்டலைத் தடுத்தே ஆக வேண்டிய மாணவருக்கு ட, புள்ளி, ட என்று வெளிப்படையாக அடிக்கக் கற்பிக்கலாம். ஒரு விசை கூடும்; எழுத்து பிழைக்கும்.

ஒரு கையால் அடிப்பவருக்குத் தமிழ்99 அவ்வளவு இசைவானதன்று. ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் வேண்டிய ஷிஃப்ட்டை விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் வசதி பார்த்துக்கொள்ளும். உயிருக்கும் மெய்க்குமிடையே கை அலைவதை அது குறைக்காது. ஆங்கிலத்தில் இடக்கை, வலக்கை ட்வோராக் விசைப்பலகை வடிவங்கள் தனித்தனியே உள்ளன. தமிழுக்கும் அப்படியொன்றை வகுப்பது மொழியறிஞரும் நிரலாளரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

2018-இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், மாற்றுத்திறனாளிகள் கணினியில் விடை எழுதவும் இடம் தந்தன. சொல்வதை எழுதுபவரைத் தேடி அலையாமல் தன் விடையைத் தானே எழுதும் உரிமை அது. அதைக் காகிதத்தில் விட்டுவைக்கலாகாது. வீரசோழன் அடங்கிய நரிக்குடி ஒன்றியத்துச் சிறப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் இந்த விசை அமைப்புகள் இடம்பெற வேண்டும். விடைத்தாளில் ஒற்றுக்கு மதிப்பெண் குறைப்பதற்கு முன் மாணவர் அடித்த கணினியின் அமைப்பைப் பார்க்கும்படி திருத்துவோருக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும்.