ஸ்லைடில் தெரிவதும் கோப்பில் இருப்பதும்

கிருதி தேவ் எழுத்துருவில் ‘இந்தி’ என்னும் சொல்லைத் தேவநாகரியில் தட்டச்சு செய்தால், கணினி சேமித்து வைப்பது ஐந்து ரோமன் எழுத்துகளை: எஃப், ஜி, பெரிய யூ, என், எச். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால் கோப்பில் எஞ்சுவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு உடனிருக்கும்வரை திரையில் இந்தியும் தமிழும் தெரியும். அது இல்லாத கணினிக்குக் கோப்பு சென்றவுடன் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வரிசையாக நிற்கும். இந்திய மொழிகளில் உருவான ஸ்லைடுகள் இணையத்துக்கு மாற்றப்படும்போது ஏன் சிதைகின்றன என்ற கேள்வியின் வரலாறு, கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்கும் கோப்பில் இருக்கும் எழுத்துக்கும் இடையிலான இந்த விலகலில்தான் இருக்கிறது.

ஸ்லைடு தொடக்கத்தில் பயணம் செய்வதற்கான பொருளாக இருக்கவில்லை. ஓவர்ஹெட் புரொஜெக்டரின் காலத்தில் பேராசிரியர் ஒளிபுகும் தாளில் பேனாவால் எழுதினார். விளக்கின் ஒளி அதைச் சுவரில் வீழ்த்தியது. எந்த மொழியாயினும், எந்த எழுத்தாயினும் இடையூறு இல்லை. 1987இல் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளிவந்த பவர்பாயிண்டின் முதல் பதிப்பும் அத்தகைய தாள்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதற்காகவே உருவானது. அச்சிட்ட தாளுக்கு வடிவம் போதும். உள்ளே எந்தக் குறியெண் இருக்கிறது என்று சுவர் கேட்பதில்லை.

குறியெண் பற்றிய சிந்தனை இந்தியாவில் இல்லாமல் இல்லை. 1980களில் ஐஐடி கான்பூரில் தொடங்கி, பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துமுறைகளை ஒரே அட்டவணையில் பொருத்திக் காட்டியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991இல் இஸ்கியைத் தரமாக வெளியிட்டது. எழுத்தின் ஒலிமதிப்பைச் சேமித்து, அதன் வடிவத்தைக் காட்டும் பொறுப்பை மென்பொருளிடம் விடுவதே அதன் அடிப்படை. மொழியியல் நோக்கில் இது நேர்த்தியான முடிவு. ஆயினும் அச்சகங்களும் அலுவலகங்களும் வாங்கிய மென்பொருள்கள் ரோமன் எழுத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒற்றைக் கொம்பை மெய்யின் இடப்பக்கம் நகர்த்தவும் கூட்டெழுத்தை இணைக்கவும் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே எழுத்துரு செய்தவர்கள் குறுக்கு வழியொன்றைக் கண்டனர்: ரோமன் எழுத்துகளின் இடங்களில் இந்திய எழுத்துகளின் துண்டுகளை வரைந்து வைத்தனர். ஒவ்வொரு நிறுவனமும் துண்டுகளைத் தன் விருப்பப்படி அடுக்கியது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியாக்கங்களை அறிவித்தது இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தவே.

மொழியியலாளர்களும் இதற்கு விலக்கல்லர். பன்னாட்டு ஒலியன் எழுத்துகளுக்காகப் பரவலாகப் பயன்பட்ட எஸ்ஐஎல் ஐபிஏ93 எழுத்துருவும் இதே வகையில் இயங்கியதே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாமடி ஒலியின் குறி வேறேதோ ஓர் எழுத்தாக மாறிவிடும். ஆய்வுரையின் தரவே பொய்த்துவிடும்.

ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தபோது, இந்திய எழுத்துகளுக்கான அதன் பகுதிகள் இஸ்கியை அடியொற்றியே அமைந்தன. ஆனால் தரம் பிறப்பது ஒன்று, அது மேசைக்கு வந்து சேர்வது மற்றொன்று. விண்டோஸ் 2000இல் தேவநாகரிக்கு மங்களும் தமிழுக்கு லதாவும் வந்தன. வங்காளமும் மலையாளமும் 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்புவரை காத்திருந்தன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். இந்த இடைவெளியில் உருவான பாடக்குறிப்புகளும் ஆய்வுரைகளும் பழைய எழுத்துருக்களிலேயே நிலைத்துவிட்டன.

இதே காலத்தில்தான் ஸ்லைடு அரங்கை விட்டு வெளியேறியது. 2006இல் தில்லியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அலுவலகங்களைக் கொண்டு தொடங்கிய ஸ்லைடுஷேர், பவர்பாயிண்ட் கோப்பை ஏற்றினால் உலாவியிலேயே காட்டுவதாக வாக்களித்தது. அத்தகைய தளங்களில் கோப்பைத் திறப்பது ஆசிரியரின் கணினி அன்று, தொலைவிலுள்ள வழங்கி. ஆசிரியர் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லையெனில் வேறொன்று அமர்த்தப்படும். ஒருங்குறியில் எழுதிய ஸ்லைடில் வரிகள் நீண்டு பெட்டிக்கு வெளியே வழியும். அசைவூட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். பழைய எழுத்துருவில் எழுதிய ஸ்லைடிலோ மொழியே மறைந்துவிடும்.

இதற்கு மருந்தாகப் பிடிஎஃப் பரிந்துரைக்கப்பட்டது. 1993இல் அடோபி வெளியிட்ட இந்த வடிவம் 2008இல் பன்னாட்டுத் தரமாயிற்று. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துக்கொள்வதால் பக்கம் எங்கும் ஒரே மாதிரி தெரியும். தோற்றச் சிக்கல் தீர்ந்தது. எழுத்துச் சிக்கல் தீரவில்லை. பிடிஎஃப் அடிப்படையில் வடிவங்களை அவற்றுக்குரிய இடங்களில் நிறுத்தும் முறை. ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய ஒருங்குறி எண்ணைச் சொல்லும் அட்டவணை இணைக்கப்பட்டிருந்தாலும், வடிவங்கள் பக்கத்தில் நிற்கும் வரிசையிலேயே எழுத்துகள் வெளிவரக்கூடும். அதனால்தான் ‘கொடி’ என்று தெளிவாகத் தெரியும் சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ‘ெகாடி’ என்று வருகிறது. கண் முதலில் காண்பது கொம்பை. மொழியில் முதலில் இருப்பது ககரம். தட்டச்சுப்பொறிக் காலத்து முரண்பாடு ஒருங்குறிக் காலத்திலும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது.

இதைத் தொழில்நுட்பத் தொல்லை என்று ஒதுக்க இயலாது. ‘கொடி’ என்று தேடுபவருக்கு அந்த ஸ்லைடு அகப்படாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அச்சொல்லைப் பிழையாக உச்சரிக்கும். முழு ஸ்லைடும் படமாக மாற்றப்பட்டிருந்தால் வாய் திறவாது. மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2020 மார்ச்சில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபின் பாடங்கள் ஸ்லைடு வழியாகவும் மாணவரைச் சென்றடைந்தன. அப்போது எழுத்தாக வாசிக்க முடியாத ஸ்லைடு, சில மாணவர்களுக்கு நடக்காத வகுப்பாகவே இருந்திருக்கும். நாளை மொழித்தரவகம் தொகுப்போருக்கும் அந்த ஆய்வுரை இல்லாத ஒன்றே.

இந்த வரலாறு கற்பிக்கும் நடைமுறை எளியது. ஸ்லைடை ஒருங்குறியிலேயே எழுத வேண்டும்; பழைய கோப்புகளை முதலில் குறியாக்க மாற்றியால் மாற்றிப் பின் கண்ணால் சரிபார்க்க வேண்டும். நோட்டோ போன்ற திறந்த உரிமமுள்ள எழுத்துருக்களைத் தேர்ந்தால் பதிப்பதற்குத் தடை இராது. தலைப்பைத் தலைப்புக்குரிய பெட்டியிலும், படத்துக்கான விளக்கத்தை மாற்று உரையிலும் இட வேண்டும். அசைவூட்டத்தால் பொருள் உணர்த்தும் ஸ்லைடைப் பல ஸ்லைடுகளாகப் பிரிக்க வேண்டும். அச்சிடும் கட்டளை வழியே பிடிஎஃப் ஆக்காமல், கட்டமைப்புக் குறிகளைக் காக்கும் ஏற்றுமதி வழியையே நாட வேண்டும். இறுதியில், உருவான பிடிஎஃபிலிருந்து கொம்புள்ள ஒரு வரியை நகலெடுத்து வெற்று உரைக்கோப்பில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் வரி பிழையாக வந்தால், மூல ஸ்லைடையும் பிடிஎஃபுடன் சேர்த்து வெளியிடுவது நலம்.

கான்பூரில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட முடிவு, எழுத்து என்பது ஒலியைக் குறிப்பது, வடிவம் அதன் ஆடை என்பதாகும். அந்த முடிவை நடைமுறையாக்கும் கடைசிக் கட்டம், ஆய்வுரை முடிந்த மாலையில் கோப்பை மாற்றி ஏற்றும் ஆய்வாளரின் மேசையில்தான் நிகழ்கிறது.