கரையில் நின்று எண்ணிய ஆலாக்கள்: திருகோணமலைக் கடலின் 'வெறுமை' குறித்து

இலங்கைக் கடற்பறவைகளின் வலசை பற்றிய எழுத்துகளில் ஒரு முடிவு கேள்வியின்றிக் கைமாறி வருகிறது: ஆழ்கடல் ஆலாக்களுக்கு மேற்குக் கரையே பாதை; திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடல் ஏறக்குறைய வெறுமையானது. கிழக்கில் வளையமிட்ட பறவைகள் அரிதாகவே மீட்கப்பட்டமை இதற்குத் துணைச் சான்றாக வைக்கப்படுகிறது. ஆனால் முடிவின் பாரம் முழுவதையும் தாங்குவது ஒரே கட்டுரைதான்: கொழும்புக்கு அப்பால் பிரைடில்ட் ஆலாக்கள் திரள் திரளாகத் தெற்கே செல்வதைப் பற்றி ஆர். ஐ. டி சில்வா 1987இல் 'ஐபிஸ்' இதழில் எழுதியது. அக்கட்டுரையோடு எனக்குப் பிணக்கு இல்லை. அதை வாசித்த விதத்தோடுதான்.

டி சில்வாவின் அவதானிப்பு கரை சார்ந்தது. கொழும்புக் கடலோரத்திலிருந்து பார்த்தால் ஒரு திசையும் ஒரு பருவமும் தெரியும். பறவை எந்தத் தீவில் பொரித்தது, தேவேந்திரமுனையைக் கடந்தபின் எந்தப் பக்கம் திரும்பியது என்பது தெரியாது. அதைவிட முக்கியமானது காற்று. ஆலாக்கள் கடந்து செல்லும் காலத்தின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்று ஓயாத காலம். அக்காற்று மேற்குக் கரையில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. நடுக்கடலில் போகவேண்டிய பறவைகளைக் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதே காற்று தீவைக் கடந்து கிழக்கே இறங்கும்போது கச்சான் ஆகிறது. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அங்கே பறவை இருந்தாலும் கரையை விட்டு அப்பால்தான் இருக்கும். கொழும்பில் நூறு கண்டதும் திருகோணமலையில் ஒன்றும் காணாததும் இரு கடல்களின் பறவைத் தொகையை ஒப்பிட்டதாகாது. பறவை எவ்வளவு என்பதோடு, காற்றின் முகம் எது என்பதும் அந்த எண்ணிக்கைக்குள் கலந்திருக்கிறது.

பிற்பகலில் கிழக்கிலும் கடற்காற்று வீசுகிறதே என்று கேட்கலாம். அது கரையோரக் காற்று. ஆழ்கடல் ஆலாவை இழுத்து வரும் வலு அதற்கில்லை. ஒக்டோபரில் கச்சான் தணிந்த பின்னும் பதிவுகள் இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். அந்த ஒக்டோபர்களில் அங்கே நின்று எண்ணியவர் யார்? கட்டுரை வெளியான 1987இல் போர் நடந்துகொண்டிருந்தது. 2009 வரை திருகோணமலைக் கடலில் மீன்பிடிக்கே நேரமும் தூரமும் வரையறுக்கப்பட்டிருந்தன. தொலைநோக்கியோடு துறைமுக முனையில் நிற்பது எவருக்கும் புத்தியான காரியமாக இருந்திராது.

வளைய மீட்புச் சான்றுக்கும் இதுவே கதி. வளையமிட்ட பறவை அகப்படுவது ஒன்று, அந்தச் செய்தி வந்து சேர்வது வேறொன்று. அமெரிக்காவின் டிரை டொர்டுகாஸ் தீவுகளில் வளையமிட்ட கரும்பழுப்பு ஆலாக்களின் இளம்பறவைகள் அத்திலாந்திக்கைக் கடந்து மேற்கு ஆபிரிக்கா சேர்வதை வில்லியம் ராபர்ட்சன் 1969இல் நிறுவ முடிந்தது என்றால், அங்கே அவற்றைக் கையில் எடுத்தவர்கள் வளையத்தைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதும் அதில் அடக்கம். திருகோணமலையில் அந்தக் கண்ணி அறுந்து கிடக்கிறது. வளையத்தில் பொறித்திருப்பது ஆங்கிலம். பறவைகளில் பெரும்பாலானவை சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. வலையில் செத்த ஆலாவின் வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வழக்கை விலைக்கு வாங்க எந்த மீனவர் முன்வருவார்? இது என் ஊகம்தான். ஆனால் 'பறவையே இல்லை' என்பதைவிட எளிய ஊகம்.

கடலின் அமைப்பும் வெறுமைக்கு எதிராகவே பேசுகிறது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் அருகிலேயே திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரைக்கு இத்தனை கிட்ட வருவது அந்த ஆழத்தால். சூரைக்கூட்டம் சிறுமீனை மேலே விரட்டுமிடத்தில் ஆலாக்கள் கூடும் என்பதை மீனவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பறவையைப் பார்த்துத்தான் வள்ளத்தைத் திருப்புகிறார்கள்.

செய்மதிக் கருவி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவியுள்ளது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்திய ஹியூக்ளின் கடற்காகங்கள் ஆர்க்டிக் வரை தொடரப்பட்டது பெரிய சாதனை. ஆனால் அக்கடற்காகத்தின் எடை பிரைடில்ட் ஆலாவைப் போலப் பல மடங்கு. ஆலாவால் சுமக்க முடிவது ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள, ஒளியளவைப் பதியும் கருவியைத்தான். தரவை எடுக்கவோ அதே பறவையை மீண்டும் பிடிக்க வேண்டும். அது கூடு கட்டுமிடத்தில் இயலும், கடந்து போகும் கடலில் இயலாது. ஆகவே திருகோணமலைக்கு மலிவான அலுமினிய வளையமே பொருத்தம். கூட்டிடங்களில் அதை மாட்ட வேண்டும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் வந்து கட்டும் பலநாள் கலங்களிடம், தண்டனைப் பயமின்றி, தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுப் பெறவேண்டும். வளையத்தைக் கொண்டுவருபவரிடம் பறவை எப்படிச் செத்தது என்று கேட்காதிருப்பது வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கடினமாக இருக்கலாம். இருந்தும் அது முதல் நிபந்தனை.

என்னுடைய இந்த வாசிப்பைப் பொய்ப்பிக்க வழி உண்டு. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் கரை மறையும் தூரத்தில், கலங்களிலிருந்து, சில பருவங்கள் தொடர்ந்து எண்ணியும் ஆலாக்கள் தென்படவில்லை என்றால் கிழக்குக் கடல் வெறுமையானது என்று நானும் ஒப்புக்கொள்வேன். கரையிலிருந்து எடுத்த இன்னொரு எண்ணிக்கையைக் காட்டினால் அல்ல.