பூட்ஸ் புராணம்

சண்டிகருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களில் முதல் வருஷமே ரெண்டு விஷயம் நடக்கும். ஒன்று, தீபாவளிக்குப் பட்டுப்புடவைக்குப் பதில் ரஜாய் வாங்குவார்கள். இன்னொன்று, வீட்டில் யாராவது ஒருவருக்கு "மலை பக்கத்துலதானே இருக்கு" என்று கிறுக்கு பிடிக்கும். எங்கள் வீட்டில் அது எனக்குப் பிடித்தது.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். 2018 ஆகஸ்ட். கிராம்பூவிலிருந்து காஜா போகும் பாதை. பாதை என்று சொல்வது மரியாதைக்காக. பாதி தூரம் ஆற்றுப்படுகைதான். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் கூடும், காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் டீ குடித்து, போட்டோ எடுத்து, மதியம் ரெண்டு மணிக்கு ஓடைக்குள் இறங்கினேன். முன் சக்கரம் ஒரு உருண்டைக் கல்லில் ஏறி வழுக்கியது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் என் கால்.

காலில் என்ன போட்டிருந்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. மலைக்குத்தானே போகிறோம் என்று நல்ல மலையேற்ற ஷூ, அதுவும் விலை அதிகமானது. ஷூவுக்கு ஒரு கீறல் கூட இல்லை. உள்ளே கணுக்காலில் ரெண்டு எலும்பு போயிற்று. பிளேட், திருகாணி, மூன்று மாத மருத்துவ விடுப்பு. வீட்டுக்கடன் ஃபைல்களைக் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தபடி பார்த்த ஒரே அதிகாரி எங்கள் கிளையில் நான்தான்.

இப்போது ஏன் இந்தப் பழங்கதை? பையனுக்குப் பத்தொன்பது வயசாகிறது. லைசென்ஸ் வந்துவிட்டது. "அப்பா, வர்ற ஜூலையில ஸ்பிதி, நீங்க ஒரு வண்டி, நான் ஒரு வண்டி" என்கிறான். தங்கமணி ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒழுங்கான பூட்ஸ் வாங்குங்க. இல்லேன்னா வண்டிய வித்துடுங்க."

கடைக்குப் போனோம். கணுக்காலுக்கு மேல் நாலு விரல்கடை வரும் டூரிங் பூட்ஸ், முழங்கால் கிட்ட வரை பிளாஸ்டிக் கவசம் மாதிரி இருக்கும் மோட்டோகிராஸ் பூட்ஸ், ரெண்டுக்கும் நடுவில் அட்வென்ச்சர் பூட்ஸ். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்தான் சொன்னார்: "ரோடும் ஓட்டலாம், ஆஃப் ரோடும் ஓட்டலாம் சார்." இருபது வருஷமாகக் கடன் கேட்டு வருபவர்களிடம் இதே குரலைக் கேட்டிருக்கிறேன். கடன் கொடுக்கும் முன் பார்ட்டியின் பூர்வோத்தரம் பார்ப்பது எங்கள் வழக்கம். பூட்ஸுக்கும் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது விலாசம். ஆல்பைன்ஸ்டார்ஸ் ஆசோலோவில் பிறந்தது. சிடி, கேர்னே ரெண்டும் மாசேர். டிசிஎக்ஸ் மான்டெபெல்லூனா. உலகத்து மோட்டார் சைக்கிள் பூட்ஸில் பெரிய பெயர்கள் இத்தனையும் இத்தாலியில், வெனிசுக்கு வடக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள். ஏன் என்று பார்த்தால் அது பைக்கை வைத்து வந்த தொழிலே இல்லை. மலைக்குப் போகிறவர்களுக்குச் செருப்பு தைத்த ஊர்கள் அவை.

அந்தக் காலத்து பைக் ஓட்டிகள் காலில் எதை மாட்டினார்கள்? 1913-ல் இங்கிலாந்தில் கார்லைலில் முதல் சர்வதேச ஆறு நாள் போட்டி நடந்தது. தார் ரோடும் மலைத் தடமும் கலந்து ஆறு நாள். நம் ஸ்பிதி பயணத்தின் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும், அதற்குப் பிறகு ரொம்ப நாளும், குதிரைச் சவாரி பூட்ஸ், பட்டாளத்து பூட்ஸ் என்று கையில் கிடைத்ததுதான். இரண்டாம் உலகப்போரில் செய்தி கொண்டுபோன பிரிட்டிஷ் பைக் வீரர்களுக்கு உயரமான லேஸ் பூட்ஸ் கொடுத்தார்கள். சேறு, குளிர், சூடான சைலன்சர், இவற்றிலிருந்து காப்பாற்றும். ஆனால் தோல் தோல்தான். கணுக்கால் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும்.

1935-ல் விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறியின் நண்பர்கள் ஆறு பேர் ஆல்ப்ஸில் இறந்தார்கள். அந்தக் காலத்து ஷூ அந்தக் குளிருக்கும் பாறைக்கும் போதவில்லை. பிரமானி டயர் கம்பெனி பிரெல்லியின் ஆதரவோடு, ஆழமான கட்டைகள் கொண்ட ரப்பர் அடிப்பாகம் ஒன்றை உருவாக்கி 1937-ல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் முன்பாதிகளைச் சேர்த்ததுதான் விப்ரம். 1954-ல் இத்தாலியக் குழு கே-2 சிகரத்தை முதன்முதலாக ஏறியபோது பூட்ஸ் மான்டெபெல்லூனாவின் டோலமிட் கம்பெனி செய்தது, அடிப்பாகம் விப்ரம். 2018-ல் நான் போட்டிருந்த ஷூ இந்த வம்சம். இதன் வேலை நடப்பவன் வழுக்காமல் பார்த்துக்கொள்வது. நடக்க வேண்டுமென்றால் கணுக்கால் நாலு பக்கமும் வளைய வேண்டும். வளைய விட்டது, உடைந்தது. ஷூ மேல் தப்பில்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

அடுத்த திருப்பம் பனிச்சறுக்கு. 1950களில் லேஸுக்குப் பதில் உலோகக் கொக்கிகள் வந்தன. 1960களில் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் கூடு வந்தது. மான்டெபெல்லூனா பக்கத்துப் பட்டறைகள் இதையும் பிடித்துக்கொண்டன. கணுக்கால் முறிவுகள் குறைந்தன. ஆனால் முறுக்குகிற விசை ஆவியாகிவிடுமா? மேலே ஏறியது. முழங்கால் ஜவ்வு கிழிவது பனிச்சறுக்கின் பெரிய தலைவலியாக மாறியது. பற்று ஒரு கணக்கில் குறைந்தால் இன்னொன்றில் ஏறும் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த ரெண்டு வம்சமும் பைக்கில் கலந்தது ஆசோலோவில். சாந்தே மசாரோலோ 1963-ல் நடை பூட்ஸும் பனிச்சறுக்கு பூட்ஸும் செய்யக் கம்பெனி ஆரம்பித்தார். எடல்வைஸ் மலைப்பூவுக்கு இத்தாலியில் ஆல்ப்ஸ் நட்சத்திரம் என்று பெயர், அதுதான் ஆல்பைன்ஸ்டார்ஸ். அந்தப் பக்கத்துச் சேற்று மைதானங்களில் மோட்டோகிராஸ் சூடு பிடித்திருந்தது. 1965-ல் உலோகக் காப்பும் கொக்கியும் வைத்து மோட்டோகிராஸ் பூட்ஸ் செய்தார். பெல்ஜியத்து ரோஜர் டி கோஸ்டர் 500 சிசி பிரிவில் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆன 1970களில் அவர் காலில் இருந்தது இந்தக் கம்பெனி பூட்ஸ். அப்புறம் யார் வேண்டாம் என்பார்கள்?

மோட்டோகிராஸில் பந்தயம் முடிந்தால் பூட்ஸைக் கழற்றிவிடலாம். 1978 டிசம்பரில் புறப்பட்ட முதல் பாரிஸ்-டக்கார் பந்தயமும், ரோடு, காடு ரெண்டுக்கும் என்றே 1980-ல் பிஎம்டபிள்யூ விட்ட ஆர்80 ஜி/எஸ் வண்டியும் வேறு தேவையைக் கொண்டுவந்தன. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டணும், இறங்கி நடக்கணும், மழையிலும் காயணும். கவசத்தைக் கொஞ்சம் குறைத்து, நடக்கும் அடிப்பாகம் போட்டு, தண்ணீர் புகாத உள்ளுறை வைத்து அட்வென்ச்சர் பூட்ஸ் வந்தது இப்படித்தான். மலை ஷூ அம்மா, பனிச்சறுக்கு பூட் அப்பா. பிள்ளை யார் ஜாடை என்பது மாடலுக்கு மாடல் மாறும். கடையில் நாம் கண்டுபிடிக்க வேண்டியது அந்த ஜாடையைத்தான்.

இதற்கு நம்மூர்ச் சட்டம் உதவாது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கு ஹெல்மெட் கேட்கிறது, காலைப் பற்றிப் பேச்சே இல்லை. 2019-ல் செருப்புப் போட்டு ஓட்டினால் அபராதம் என்று வதந்தி கிளம்பி, அப்படி ஒன்றும் இல்லை என்று அமைச்சர் அலுவலகமே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் இ.என். 13634 என்ற தரம் 2002-ல் வந்து, 2017-ல் திருத்தப்பட்டது. பூட்ஸின் உட்பக்கம் பைக் ஓட்டும் படத்தின் கீழ் நாலு எண் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. 2 தான் உசத்தி. முதல் எண் உயரம், இரண்டாவது தார் ரோட்டில் தேய்வதைத் தாங்குவது, மூன்றாவது வெட்டைத் தாங்குவது, நாலாவது பக்கவாட்டில் நசுங்காமல் இருப்பது. ஐபிஏ என்று போட்டிருந்தால் கணுக்கால் மேல் விழும் அடிக்கும் சோதித்திருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாலு எண்ணில் கணுக்கால் முறுக்குக்கு எண் கிடையாது. என் கால் போனது அதில்தான். அதைக் கையால்தான் பார்க்கணும். குதிகாலை ஒரு கையில், மேல் பகுதியை இன்னொரு கையில் பிடித்துப் பக்கவாட்டில் மடக்கிப் பாருங்கள். துணி பிழிவது போல மடங்கினால் அது மலை ஷூ ஜாடை, வைத்துவிடுங்கள். முன்னும் பின்னும் மடங்கி, பக்கவாட்டில் முரண்டு பிடிக்கணும். நடு அடிப்பாகம் வளையக்கூடாது. ஃபுட்ரெஸ்ட் மேல் நின்று ஓட்டும்போது உடம்பு எடை முழுக்க அங்கேதான். அப்புறம் மாட்டிக்கொண்டு கடை மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து கியரும் பின் பிரேக்கும் காலுக்குத் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லையென்றால் அந்தப் பாதுகாப்பே விபத்தைக் கூட்டி வரும்.

பையன் முழு மோட்டோகிராஸ் பூட்ஸில்தான் நின்றான். மாட்டிக்கொண்டு ரோபோ மாதிரி நடந்தான். நான், "ராத்திரி காஜாவுல சாப்பிடப் போகும்போது?" என்றேன். "செருப்புப் போட்டுக்குவேன்." "பக்கத்துல இருக்கிற கீ மடத்துக்கு வண்டில போகும்போது?" கொஞ்சம் யோசித்து, "அதுக்கும் செருப்புதான்பா," என்றான். அங்கேதான் முடிவாயிற்று. அறையிலேயே கிடக்கும் கவசம் யாரையும் காப்பாற்றாது.

கடைசியில் நாலும் 2, கூடவே ஐபிஏ போட்ட அட்வென்ச்சர் பூட்ஸ், ஆனால் அப்பா ஜாடை தூக்கலாக இருப்பது. சண்டிகரிலிருந்து மணாலி வரை வழவழவென்ற ரோட்டுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும். முந்நூறு கிலோமீட்டர் நல்ல ரோட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்த மோசமான பத்து கிலோமீட்டரை வைத்துத் தேர்ந்தெடுத்தோம்.

ரெண்டு ஜோடி பில்லைப் பார்த்துத் தங்கமணி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையன் பூட்ஸை எடுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. "சரி, போயிட்டு வாங்க," என்றார்.

டிஸ்கி: ஓடை எதுவானாலும் காலை ஒன்பதுக்குள் கடந்துவிடுங்கள். அதற்கு எந்த பூட்ஸும் ஈடாகாது. :-)