குடும்ப வன்முறை
குடும்ப வன்முறை என்பது ஒரே வீட்டில் வாழும் உறவினர் ஒருவர் மற்றவரை அடக்கி ஆளக் கையாளும் கொடுமை. இந்தியாவில் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005) இதை உடல், பாலியல், சொல்-மனம், பொருளாதாரம் சார்ந்தவை என நான்காகப் பகுக்கிறது. அடி மட்டுமே வன்முறை அன்று. ஓயாத ஏச்சு, பிறந்த வீட்டாருடன் பேசத் தடை, சம்பளத்தைப் பறித்தல், கைப்பேசியை வேவு பார்த்தல் ஆகியவையும் அறிகுறிகளே. அடி, மன்னிப்பு, சில நாள் அமைதி, மீண்டும் அடி என்று இது சுழல்வதும் உண்டு.

பாதிக்கப்பட்ட பெண் பாதுகாப்பு அலுவலரிடமோ நீதித்துறை நடுவரிடமோ முறையிடலாம். கூட்டாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்க அவருக்கு உரிமை உண்டு. மகளிர் உதவி எண் 181.

வன்முறையற்ற நல்லுறவில் அச்சமின்றி மறுத்துப் பேச முடியும். வரவு செலவும் முடிவுகளும் இருவருக்கும் பொது. சினம் வந்தாலும் கை ஓங்காது.